கண் தெரியாதவருக்குக் கண்கட்டு எதற்கு? கோல்பால் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 24 ஆகஸ்ட் 2024

"பாராலிம்பிக் தொடங்கப்போகிறது. அதில் கோல்பால் என்று ஓர் ஆட்டம். ஆடுகிறவர்கள் எல்லோரும் பார்வையற்றவர்கள். பிறகு அவர்கள் கண்ணுக்கு மேல் கறுப்பாக ஒன்றை ஏன் மாட்டிவிடுகிறார்கள்? இல்லாத வீட்டுக்குப் பூட்டுப் போடுவது போல இருக்கிறது. பார்க்கச் சங்கடமாகவும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

24 ஆகஸ்ட், இரவு 9.40

வீடு இல்லாமல் இல்லை. சிலருக்குத் திண்ணை மட்டும் இருக்கிறது, சிலருக்கு ஓர் அறை இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவன் என்று அரசு எனக்கு அட்டை கொடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியை எழுத்தைப் பெரிதாக்கி என் கண்ணாலேயே படித்தேன். எனக்கு விழித்திரை நிறமிச் சிதைவு. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் தெரியும், சுற்றிலும் ஒன்றும் கிடையாது. பொழுது சாய்ந்தால் அந்த வட்டமும் போய்விடும். ஊரில் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வார்கள். பல ஆண்டுகள் சாப்பிட்டேன். முருங்கை மரத்துக்குத்தான் நஷ்டம். விடுதியில் என் பக்கத்துப் பாயில் படுத்த நண்பனுக்கோ வெயில் உடம்பில் பட்டால்தான் விடிந்தது தெரியும். எங்கள் இருவரையும் ஒரே களத்தில் இறக்கினால் அது என்ன போட்டி?

பார்வையின் அளவைப் பொறுத்து பி1, பி2, பி3 என்று மூன்று பிரிவுகள் உண்டு. பி1 என்றால் அநேகமாக முழு இருட்டு. பி3 என்றால் என்னைப் போன்ற அறைக்காரர்கள். கோல்பாலில் மூன்று பிரிவினரும் கலந்து ஆடலாம். அதனால் எல்லோருக்கும் இமைமேல் ஒட்டுத்துணி, அதற்கு மேல் கண்பட்டை. அது பார்வையற்றவனுக்குப் போடும் பூட்டு அல்ல, எனக்குப் போடும் பூட்டு.

25 ஆகஸ்ட், காலை

ஆட்டம் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வாலிபால் களத்தின் அளவுதான்: 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோல்கம்பம் பின்கோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும், உயரம் 1.3 மீட்டர். பக்கத்துக்கு மூவர். பந்து ஒன்றேகால் கிலோ, தடித்த ரப்பர், எட்டு ஓட்டைகள், உள்ளே மணிகள். கையால் உருட்டி எறிய வேண்டும். எதிரணி மூவரும் மணிச் சத்தத்தைக் கேட்டுத் தரையோடு தரையாக நீட்டி விழுந்து உடம்பால் தடுக்க வேண்டும். தடுத்த பந்தைப் பத்து விநாடிக்குள் நடுக்கோட்டுக்கு அப்பால் திருப்பி அனுப்ப வேண்டும். பாதிக்குப் பன்னிரண்டு நிமிடம். பத்து கோல் வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அத்தோடு முடித்துவிடுவார்கள். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கும்.

உருட்டுவது என்றதும் கோலிக்குண்டு நினைவு வேண்டாம். நல்ல ஆட்டக்காரர்கள் எறிந்தால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வரும். விலா எலும்பில் வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து வந்த வீரர்களுக்காக 1946இல் ஜெர்மானியர்கள் இருவர் உருவாக்கிய ஆட்டம் இது. 1972 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது.

25 ஆகஸ்ட், மதியம்

அவசரத்தில் எழுதியதில் இரண்டு பிழை. ஒருவர்தான் ஜெர்மானியர், செப் ரெய்ன்ட்லே. மற்றவர் ஹான்ஸ் லோரன்சன், ஆஸ்திரியக்காரர். 1972இல் ஹைடல்பெர்க்கில் நடந்தது செயல்விளக்க ஆட்டம் மட்டுமே. பதக்கம் கொடுத்தது 1976, டொராண்டோவில். அதுவும் ஆண்களுக்கு. பெண்கள் 1984 வரை காத்திருந்தார்கள்.

26 ஆகஸ்ட்

"உங்கள் அபிமான அணி எது?"

லிதுவேனியா. சிரிக்க வேண்டாம். அந்த நாட்டில் மொத்தமே ஏறக்குறைய 28 லட்சம் பேர். நம் மதுரை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். மேலூரையும் உசிலம்பட்டியையும் திருமங்கலத்தையும் சேர்த்துக்கொண்டு நாம் ஒரு நாடாகப் போயிருந்தால் அவர்களைவிடப் பெரிய நாடு. அந்தச் சின்ன நாட்டின் ஆண்கள் அணி 2000இல் சிட்னியில் வெள்ளி வாங்கியது, 2008இல் பெய்ஜிங்கில் மறுபடி வெள்ளி. 2016இல் ரியோ இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 14க்கு 8 என்று சாய்த்துத் தங்கம். டோக்கியோவில் வெண்கலம்.

ரியோ இறுதி ஆட்டத்தைச் செல்லூரில் என் வீட்டு மொட்டைமாடியில் செல்போனைக் காதில் வைத்துக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். திரையில் ஆட்கள் எறும்பளவு. மணிச் சத்தம், உடம்பு தரையில் அறையும் சத்தம், பிறகு விசில், பிறகு அடக்கிவைத்த கூட்டம் வெடிக்கும் சத்தம். ஜென்ரிக் பாவ்லியுகியானெட்ஸ் என்ற பெயரை வர்ணனையாளர் சொல்லும்போதெல்லாம் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாடிக்கு வந்த என் மனைவி, "லிதுவேனியாவில் நாம் பெண் கொடுத்திருக்கிறோமா, எடுத்திருக்கிறோமா?" என்று கேட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

இந்த முறை பாரிசில் என் அணி இல்லை. எட்டு அணிகளுக்குத்தான் இடம்.

28 ஆகஸ்ட்

பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி இருப்பதை நம்ப முடியவில்லை என்கிறார் ஒருவர். உண்மைதான். பந்து ஓடும்போது இருமினாலும் குற்றம். நடுவர் முதலில் "அமைதி" என்பார், பிறகுதான் ஆட்டம். கோல் விழுந்தால் கத்தலாம். விசில் ஊதினால் மறுபடி வாயை மூட வேண்டும்.

இதை மதுரையில் நடத்திப் பாருங்கள்! 1998. ஒரு பள்ளியின் பிரார்த்தனைக் கூடம். மின்விசிறியை நிறுத்தினால்தான் மணி கேட்கும், நிறுத்தினால் வேர்வையில் தரை வழுக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் துடைப்பதற்கென்று ஒரு பையன் பழைய லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். சன்னலுக்கு வெளியே சோன்பப்டி வண்டிக்காரர் மணி ஆட்டிக்கொண்டு போனார். எங்கள் விங் ஆட்டக்காரன், அதாவது ஓரத்தில் நிற்பவன், அந்த மணிக்கு விழுந்து தடுத்தான். சத்தியமாக! மூன்று பேருக்கும் சோன்பப்டி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். சிறப்பு விருந்தினராக வந்த பெரிய மனிதர் பந்து பாதி வழியில் இருக்கும்போதே எழுந்து கைதட்டினார். "உற்சாகப்படுத்த வேண்டாமா?" என்றார். அவரை உட்கார வைக்க யாருக்கும் துணிவில்லை. அந்தக் கோலை நடுவர் தள்ளுபடி செய்துவிட்டு மறுபடி எறியச் சொன்னார்.

30 ஆகஸ்ட்

உபகரணங்களைப் பற்றி ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். விலைக்கு வாங்க முடிந்தால் வாங்குங்கள். எங்களிடம் அப்போது காசு இல்லை.

கண்பட்டை தைத்துக் கொடுத்தவர் புது மண்டபத்துத் தையல்காரர் ஒருவர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவில் வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிய காலம். (இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) கறுப்பு சாட்டின் துணி இரண்டு மடிப்பு, நடுவில் பஞ்சு, பின்னால் உள்பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் நாடா. "சாமி குதிரைக்கா?" என்று கேட்டார். எங்களுக்கு என்றதும் அளவு எடுக்க நீட்டிய கையைச் சற்றுநேரம் அப்படியே வைத்திருந்தார். பன்னிரண்டு தைத்து எட்டுக்குத்தான் காசு வாங்கினார்.

பந்துக்குப் பழைய பாஸ்கட்பால். சிம்மக்கல் பக்கம் சைக்கிள் பஞ்சர் கடைக்காரர் அதைக் கத்தியால் இரண்டு விரல் நீளம் கிழித்தார். உள்ளே மாட்டுச் சலங்கை மணி ஆறு போட்டோம். ஈய மணி வேண்டாம், வெண்கலம் போடுங்கள், அதுதான் தூரத்துக்குப் பேசும் என்று அவரே சொன்னார். அவனியாபுரத்துக்காரர், காளை வளர்த்தவர். கிழித்த இடத்தில் டியூப் துண்டை ஒட்டிச் சூடு வைத்தார். பிறகு பந்தைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "வாடிவாசலில் விட்டால் இதையும் பிடிக்க நாலு பேர் வருவான்" என்றார். அந்தப் பந்து எழும்பாது. எழும்பாததுதான் எங்களுக்கும் தேவை.

மணி செய்யாத காலத்தில் பந்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஆடியதும் உண்டு. சரசர என்று வரும். மோசமில்லை.

கோடு போடுவது எளிது: தரையில் நூல்கயிறு, அதன்மேல் ஒட்டுநாடா. காலாலும் கையாலும் தடவினால் மேடு தெரிய வேண்டும். விலகி நின்றால் கோல்கம்பத்தைத் தொட்டு இடம் பார்த்துக்கொள்ளலாம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை கட்டாயம். சிமெண்டுத் தரை இரக்கம் காட்டாது.

1 செப்டம்பர், நள்ளிரவு

முதல் நாள் "அது எனக்குப் போடும் பூட்டு" என்று பெரிதாக எழுதினேன். அன்றிலிருந்து உறுத்துகிறது. சொல்லிவிடுகிறேன்.

அதே 1998, அதே கூடம், இறுதி ஆட்டம். திருச்சியிலிருந்து வந்திருந்த அணி. நான் இடது விங். நடுவில், விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்த அந்த நண்பன், பி1. அவனை இங்கே சென்டர் என்றே அழைக்கிறேன், அன்றைக்கும் அப்படித்தான். இரண்டாம் பாதியில் விழுந்து எழும்போது என் நாடா தளர்ந்தது. இமையில் ஒட்டிய துணி வேர்வையில் எப்போதோ விழுந்துவிட்டது. மூக்குத் தண்டுக்கும் கண்பட்டைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். தலையைச் சற்று அண்ணாந்தால் எதிரணியின் கால்கள் தெரிந்தன.

கையைத் தூக்கி நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் கண்பட்டையைத் தொட்டால் பெனால்டி, அதனால் தொடவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கால் வரும் திசையைப் பார்த்தேன், "இடது" என்று கத்தினேன், விழுந்தேன், பந்து வயிற்றில். ஒரு கோலில் ஜெயித்தோம். கோப்பை பித்தளை. பள்ளி அலமாரியில் இருந்தது. அதன் பக்கம் நான் போவதே இல்லை.

2 செப்டம்பர்

திட்டியவர்களுக்கு நன்றி, திட்டாதவர்களுக்கு அதைவிடக் குறைவான நன்றி.

"கிரிக்கெட்டில் ஆடியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்கிறார் ஒருவர். ஆடியிருக்கிறேன். அங்கே வேறு நியாயம். பதினொருவரில் குறைந்தது நான்கு பேர் பி1ஆக இருக்க வேண்டும், பி3 நான்கு பேருக்கு மேல் கூடாது. பி1 எடுக்கும் ஓட்டம் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு. ஆளுக்கு ஏற்ற படி அளந்து கொடுக்கும் ரேஷன் கடை நியாயம். நான் அங்கே ராஜா. எல்லையில் நிற்க, ஓடிப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தியா 2012 டி20 உலகக் கோப்பையை வென்ற பிறகு நம் பையன்கள் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் கனவு, அதில் தப்பில்லை. கோல்பாலில் படி கிடையாது, எல்லோருடைய அரிசியையும் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். ராஜாவாக இருந்தவனுக்கு அது கசக்கும். முதல் ஆறு மாதம் நான்தான் அணியிலேயே மோசமான ஆட்டக்காரன். கண்ணை நம்பி வளர்ந்த காது மந்தமானது. சென்டருக்கு மணி எத்தனை முறை உருண்டது என்பதுகூடத் தெரியும். எனக்கு "எங்கேயோ மணி" என்பது மட்டும் தெரியும்.

4 செப்டம்பர்

சென்டர் தொலைபேசியில் கூப்பிட்டான். மூன்று ஆண்டு கழித்து! இப்போது வங்கி வேலை, விருதுநகரில். யாரோ இந்த இழையை அனுப்பியிருக்கிறார்கள். "உன் பாவ மன்னிப்பை என் செல்போன் படித்துக் காட்டியது. காய்கறி விலை படிப்பது போல ஒரே குரல்" என்றான். பிறகு கேட்டான்: "நீ வயிற்றில் வாங்கியது முதல் பாதியில். அப்போது உன் நாடா ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் நீ என்ன கிழித்தாய் என்று நினைவிருக்கிறதா?"

இல்லை என்றேன்.

"இரண்டு கோல் விட்டோம். இரண்டும் உன்னால்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திருச்சி அணியில் ஒருவன் தடதடவென்று எங்கள் இடது பக்கத்தை நோக்கி ஓடி வருவான். பந்து அவன் கையில் இருக்காது. அதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவனுக்குச் சத்தமில்லாமல் கொடுத்திருப்பான். கோல்பால் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏமாற்று. காதை நம்புகிறவன் காலடிக்கு விழ மாட்டான், மணிக்குக் காத்திருப்பான். நான் கால்களைப் பார்த்தேன். "இடது" என்றேன். என் குரலை நம்பி அவனும் இடது பக்கம் சாய்ந்தான். பந்து வலது மூலையில் போய் வலையைத் தொட்டது. இரண்டு முறை.

"நான் பார்க்கிறேன் என்று உனக்கு அப்போதே தெரியுமா?"

"மணி கேட்பதற்கு முன்னால் திசை சொன்னாய். வேறு எப்படித் தெரியும், ஜோசியமா?"

நடுவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் பெனால்டி, ஒன்பது மீட்டர் கோலுக்கு உன்னை ஒருவனாக நிறுத்துவார்கள், நீ இருந்த லட்சணத்துக்கு கோப்பை திருச்சிக்குப் போயிருக்கும் என்றான். பிறகு, "இடைநிறுத்தத்தில் உன் நாடாவைக் கட்டியது யார்?" என்றான்.

அவன்தான். இவனுக்கு நாடா நழுவுகிறது என்று நடுவரிடம் அனுமதி கேட்டு, என்னைக் களத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, மண்டை வலிக்கும் அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டான். அதை நட்பு என்று இருபத்தாறு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் மூன்று கோல் போட்டு ஜெயித்தோமாம். மூன்றும் அவன் போட்டது.

4 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

1ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. கிடக்கட்டும். குற்றம் செய்தேன் என்ற இடத்திலும் அணியைக் கரையேற்றியவன் நானாகவே இருக்க வேண்டும் என்று மனம் கதை கட்டியிருக்கிறது பாருங்கள். அந்தக் கோப்பையின் பக்கம் போகாமல் இருந்ததில் ஒரு பெருமையும் இருந்திருக்கிறது.

6 செப்டம்பர்

பாரிஸ் இறுதி ஆட்டம் நேற்று இரவு. ஜப்பான், உக்ரைன். கூடுதல் நேரம் வரை போய் 4க்கு 3 என்று ஜப்பான். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுகிறவருக்கே வெற்றி, அத்தோடு விசில். சென்டரும் நானும் தொலைபேசியை அணைக்காமல் சேர்ந்து கேட்டோம். அவன் பக்கம் ஒளிபரப்பு மூன்று விநாடி முந்தி வந்தது. கோல் என்று அவன் கத்துவான், எனக்கு அதற்குப் பிறகுதான் மணியே கேட்கும். "இப்போது யார் ஜோசியர்?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

பிரேசிலுக்கு வெண்கலம். டோக்கியோவில் சீனாவை 7க்கு 2 என்று வென்று தங்கம் வாங்கிய அணி. எதிரணிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து இரண்டு கால்களுக்கு நடுவில் பின்னோக்கி எறிவார்களே, அவர்கள்தான். என் மகன் அதை வீட்டுக் கூடத்தில் தேங்காயை வைத்து முயன்றான். தொலைக்காட்சி மேசையின் கால் ஒன்று இப்போது செங்கல்.

7 செப்டம்பர்

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் கூம்பு ஒலிபெருக்கி. ஆட்டம் பற்றி எழுத முடியாது, யோசிக்கவே முடியவில்லை. கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

9 செப்டம்பர்

ஆசிரியைக்கு: ஒட்டுநாடாவைத் தரையிலிருந்து உரிக்கும்போது பசை ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் அன்றைக்கு ஆட வேண்டாம், வழுக்கும். வெண்கல மணி விளக்குத்தூண் பக்கம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடையிலேயே ஆட்டிப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

சென்டர் மதுரைக்கு வந்தான். மாட்டுத்தாவணியில் போய் அழைத்துக்கொண்டேன், அல்லது அவன் என்னை அழைத்துக்கொண்டான். மாலை ஆறரைக்கு மேல் என் வட்டம் வேலை செய்யாது, பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவன்தான் என் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்தான். இருவரும் ஆளுக்கொரு பருத்திப்பால் குடித்தோம்.

பையன்கள் சிலர் ஒரு கூடத்தில் ஆடுகிறார்கள், ஆள் குறைகிறது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போனோம். வெளிநாட்டுப் பந்து, நீல நிறமாம். கையில் எடுத்து ஆட்டியதும் இருவருமே, "வெண்கலம் இல்லை" என்றோம். எனக்கு 47 வயது, முட்டி வலி. ஐந்து நிமிடம் மட்டும் என்று சொல்லி இறங்கினேன். இமைக்கு ஒட்டுத்துணி, மேலே கண்பட்டை. மாட்டியதற்கும் மாட்டாததற்கும் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை என்று அவனிடம் சொன்னேன். வட்டம் அவ்வளவு சுருங்கிவிட்டது.

அவன் பதில் சொல்லவில்லை. என் பின்னந்தலையில் கை வைத்து நாடாவைத் தேடி, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தான். "இன்னும் ஒரு பிடி" என்று சொல்லி இறுக்கினான்.